செல்போன் இருந்தால் மட்டும் செய்தியாளர் ஆகிவிட முடியுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மழைக்காலம் வந்தால் நம் படாளம், மதுராந்தகம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் "ஏரி உடைந்துவிட்டது, உடனே வெளியேறுங்கள்" என்று ஒரு தகவல் சுற்றும். கூடவே ஒரு வீடியோ. எந்த ஏரி, எந்த வருடம், எடுத்தது யார், எதுவும் இருக்காது. கலங்கல் வழியாக உபரிநீர் கிளியாற்றில் இறங்குவது வேறு, கரை உடைவது வேறு. இது புரியாமல் குழந்தை குட்டிகளோடு ராத்திரியில் ஓடப்போவது நம் ஜனங்கள்தான். நாலு முறை பொய் வந்தால், ஐந்தாவதாக வரும் உண்மையான எச்சரிக்கையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதனால் என் கருத்து இது: வானொலி, வீடியோ செய்தியின் அடிப்படைகளை எட்டாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். செய்தியாளர் ஆவதற்காக அல்ல. இன்று செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு ஒலிபரப்பு நிலையம்தான்.

"அது காலேஜில் படிப்பது அல்லவா சார்?" என்பீர்கள். சென்னையில் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாகத் தொடங்கியது உண்மைதான். ஆனால் பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்கான வானொலி. காற்று, அலை, வானிலை என்று கடலுக்குப் போகிறவனுக்கு வேண்டியதை அவன் பேச்சிலேயே சொல்கிறது. அங்கே பட்டத்தைவிடப் பயிற்சிதான் முக்கியம்.

அடிப்படை என்று நான் சொல்வது நான்கே விஷயம்.

ஒன்று, விசாரிப்பது. யார் சொன்னது, எங்கே, எப்போது? தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண் இருக்கிறது. ஒரு போன் போதும்.

இரண்டு, காதுக்கு எழுதுவது. படிப்பவர் திரும்பிப் படிக்கலாம், கேட்பவரால் முடியாது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், வாக்கியம் நீண்டால் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் கேட்பவர் களைத்துவிடுவார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. 47,853 என்று படிக்காமல் "சுமார் 48 ஆயிரம்" என்றால் மனதில் நிற்கும்.

மூன்று, உச்சரிப்பு. சரோஜ் நாராயணசுவாமி தில்லியிலிருந்து செய்தி வாசித்த காலத்தில், பள்ளிக்கூடம் போகாதவர்களும் கேட்டுக் கேட்டே நல்ல தமிழ் கற்றார்கள். இன்று யூடியூபில் "ஆற்றில் வெல்லம் பெருக்கெடுத்தது" என்கிறார்கள். சர்க்கரை ஆலை இருக்கும் படாளத்தில்கூட ஆற்றில் வெல்லம் ஓடியதில்லை ஐயா! ல, ள, ழ சரியாக வரவில்லையென்றால் செய்தியே மாறிவிடும்.

நான்கு, படம். செல்போனைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். பத்து விநாடி அசைக்காமல் எடுங்கள். முதலில் இடம் முழுதும் தெரிய, பிறகு கிட்டத்தில். தேதி, நேரம், ஊர்ப்பெயரைப் பேசியே பதிவுசெய்யுங்கள். அப்போதுதான் அடுத்த வருடம் அதையே யாரும் புதுச் செய்தியாக்க முடியாது. அடிபட்டவர் முகத்தை எடுக்காதீர்கள். அவர் வீட்டார் அதை முதலில் உங்கள் ஸ்டேட்டஸில் பார்க்கக் கூடாது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நம் மாமல்லபுரம் அருகேதான் நள்ளிரவில் கரையைக் கடந்தது. அடுத்த புயலுக்கும் மின்சாரம் போகும், டி.வி. நிற்கும். அப்போது ஊருக்குத் தேவை பதறாமல் பேசும் ஒரு குரல். அது உங்கள் வீட்டுப் பிள்ளையின் குரலாக ஏன் இருக்கக் கூடாது?

என் மாணவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருநாள் காலை வணக்கக் கூட்டத்தில், நாளிதழ்த் தலைப்புகளுக்குப் பதிலாக, பிள்ளைகளே விசாரித்து எழுதிய ஊர்ச் செய்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். ரேஷன் கடை, பேருந்து நேரம், ஏரியின் நீர்மட்டம் எதுவானாலும் சரி. "யார் சொன்னது?" என்று மற்ற பிள்ளைகள் கேட்கட்டும். அந்தக் கேள்வி பழகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

எப்படிப் போகிறது என்று கீழே எழுதுங்கள். வாழ்க வளமுடன்.