கால் வலியைச் சொல்லலாம், மனசு வலியை?

முழங்காலில் அடிபட்ட வீரரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது மைதானமே கை தட்டுகிறது. மனசில் அடிபட்டவருக்கு?

ஜெர்மனி கால்பந்து அணியின் கோல்கீப்பர் ராபர்ட் என்கே, 2006-ல் இரண்டு வயது மகளை இதய நோய்க்குப் பறிகொடுத்தவர். தன் மனச்சோர்வு வெளியே தெரிந்தால் பிறகு தத்தெடுத்த குழந்தையையும் இழந்துவிடுவோமோ என்று பயந்து மறைத்தார். 2009 நவம்பரில், 32 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுநாள் மனைவி தெரெசா நிருபர்களிடம் சொன்ன பிறகுதான் விஷயமே வெளியே வந்தது.

இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் மார்கஸ் டிரஸ்கோதிக்கும் 2006-ல் இந்தியப் பயணத்தைப் பாதியில் விட்டு ஊர் திரும்பியவர்தான். முதலில் மறைத்தார். 2008-ல் எல்லாவற்றையும் புத்தகமாகவே எழுதிவிட்டார். 2019 வரை கவுண்டி அணிக்கு ஆடினார்.

நோய் பாதி ஆபத்து என்றால், அதை மூடி வைப்பது மீதி ஆபத்து.

நான் சித்த மருத்துவன். எங்கள் நூல்களும் இதை 'கிரிகை' என்று நோயாகத்தான் சொல்கின்றன. ஆனாலும், உயிரை விடும் எண்ணம் வந்தவருக்கு வல்லாரை லேகியத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் 14416-ல் இலவசமாகப் பேசலாம்.

ஆடிவிட்டு வரும் பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" என்கிறீர்கள். "மனசு எப்படிப்பா இருக்கு?" என்றும் கேளுங்களேன்!