போன் எங்கட, திறப்பு ஆரிட்ட?

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள், பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் எங்கட அப்பாமார். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள். இண்டைக்குப் புத்தூரில் அவர்களின்ர பிள்ளைகளான எங்களுக்குச் சொல்லப்படுவது: "தம்பி, உதுக்கு இனி அப்டேட் வராது. புதுசு வாங்குங்கோ."

போன் பழுதாகேல்ல, கம்பனி கைவிட்டிட்டுது, அவ்வளவுதான். 2016இல் தொடங்கிய லினேஜ் ஓஎஸ், அப்படிக் கைவிடப்பட்ட எத்தனையோ போன்களுக்குப் புதிய ஆண்ட்ராய்டைக் குடுக்குது. தேவையில்லாத செயலிகள் இல்லை, இலேசாக ஓடும்.

ஆனால் எந்த இயங்குதளம் ஏறவேணும் எண்டு தீர்மானிக்கிற பூட்லோடரை, மலிவுப் போன்கள் பலவற்றில் திறக்கவே விடமாட்டினம். திறந்தால் சில வங்கிச் செயலிகளும் முரண்டு பிடிக்கும். காசு எங்கட, திறப்பு கம்பனியிட்ட!

எஞ்சினைக் கழட்ட அப்பாமார் ஆரிட்டயும் அனுமதி கேட்கேல்ல. நாங்கள் ஏன் கேட்கவேணும்? அடுத்த போன் வாங்கேக்க கமராவைப் பிறகு பார்ப்பம். முதல் கேள்வி: "பூட்லோடர் திறக்கலாமோ?"