கப்பிச் சாலையில் தனிமை

பயணம் பற்றித் தமிழில் இப்போது எழுதப்படுகிறவற்றில் 'தனியாக' என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. தனியாகக் கிளம்பினேன், சைக்கிளில் கிளம்பினேன், தார் காணாத கிராமத்துச் சாலைகளில் ஒரு பகல் முழுக்கச் சுற்றினேன், சாயங்காலம் என்னையே கண்டுகொண்டேன். வரிகளை உடைத்துக் கவிதையாகப் போட்டாலும் நீட்டிக் கட்டுரையாக்கினாலும் சரக்கு இவ்வளவுதான். வியாபாரப் பத்திரிகைகள் இதைச் செய்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் தொழில் அது. ஆனால் நம் இருநூறு பிரதிப் பத்திரிகைகளிலும் இது நுழைந்து, அந்தரங்கத் தேடல் என்ற அந்தஸ்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மறுக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்துச் சாலையில் தனிமை என்று ஒன்று கிடையாது. எழுதுகிறவன் கூட இருந்தவர்களின் பெயர்களைக் கோடு போட்டு அடித்துவிட்டு அதைத் தயாரிக்கிறான். அடிபட்ட பெயர்கள் யாருடையவை என்று கணக்கெடுத்தால் இது வெறும் ரசனைத் தகராறு அல்ல என்பது புரியும்.

சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். சிதம்பரத்துக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்துகொண்டு, வங்கிக்கு விடுமுறையான ஞாயிறுகளில் சைக்கிள் மிதிக்கிறவன் நான். மேற்கே செம்மண்ணும் முந்திரியும். கிழக்கே வீராணம் ஏரி, அதைத் தாண்டினால் நெல். நடுவே கிராவல் அடித்த சாலைகள், கப்பி போட்ட சாலைகள், ஜல்லியைக் கொட்டிவிட்டுத் தாருக்காகக் காத்திருக்கும் சாலைகள். இவை ஒன்றல்ல என்பது மிதிக்கிறவனுக்கு முதல் பர்லாங்கிலேயே தெரிந்துவிடும். செம்மண் கிராவல் ஒரு மழைக்குப் பிறகு இறுகிச் சுகமாக இருக்கும். கோடையில் வண்டிகள் போய்ப் போய்க் குறுக்கே வரிவரியாக அலை எழும்பி, கைப்பிடி வழியாக முழங்கை வரை உதறும். உதிரி ஜல்லியில் முன் பிரேக்கைப் பிடித்தால் விழவேண்டியதுதான். டிராக்டர் சக்கரம் அழுத்திய தடம் ஒரு சாண் அகலத்துக்கு ஓடும். அதை விட்டு இறங்காமல் போக வேண்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. அதிகம் குறைத்தால் ரிம் கல்லில் இடித்து டியூப் இரண்டு இடத்தில் கடிபடும். இதிலெல்லாம் கவனம் வைக்கிறவனின் கண் முன்சக்கரத்துக்கு அப்பால் நாலு கஜத்தைத் தாண்டாது. ஆக, இந்தக் கட்டுரைகளில் வரும் அடிவானம், கொக்குக் கூட்டம், பனைகளுக்கு நடுவே அஸ்தமனம் எல்லாம் மிதித்துக்கொண்டே பார்த்தவை அல்ல. நின்று பார்த்திருக்கலாம், அல்லது பஸ் ஜன்னலில் பார்த்துப் பழகிய படத்தைச் சைக்கிள் மேல் ஒட்டியிருக்கலாம். நான் இரண்டாவதையே சந்தேகிக்கிறேன். நின்றிருந்தால் யாராவது வந்து பேசியிருப்பார்கள்.

முன்சக்கரத்துக்குக் கீழே இருக்கும் கல்லையாவது இவர்கள் பார்த்தார்களா? ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்கடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்ன வித்தை எளியது. ஆறு அவுன்ஸுக்கு மேல் போகாதபடி கல்லை உடை, பரப்பு, மேலே போகிற வண்டிகளே அதைக் கெட்டிப்படுத்தும். எளியதுதான், ஆனால் அந்த எடைக்கு யாராவது உட்கார்ந்து உடைத்தாக வேண்டும். அங்கே ஏழைப் பெண்களும் சிறுவர்களும் கிழவர்களும் உடைத்தார்கள். இங்கே கிரஷர் வரும்வரை, சாலையோர மரத்தில் குழந்தைக்குத் தூளி கட்டிவிட்டுப் பெண்கள் உடைத்தார்கள். அமெரிக்காவின் கன்ஸாஸ் மாநிலத்தில் 2006 முதல் சரளைச் சாலைகளில் 200 மைல் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. அது அவர்கள் விரும்பித் தேடிப் போகும் கரடுமுரடு. அந்தப் பந்தயத்தின் பெயரில் அந்த மண்ணின் ஆதிகுடிகளுடைய பெயர் விளையாட்டாக ஒட்டப்பட்டிருந்தது. ஆட்சேபம் எழுந்து 2020இல் பெயரை மாற்றினார்கள். நம்மவர்கள் விளையாட்டை இறக்குமதி செய்துகொண்டார்கள், ஆட்சேபத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார்கள். நம் கப்பிச் சாலை யாரும் விரும்பிய கரடுமுரடு அல்ல. மழை நாளில் பிரசவத்துக்கு ஆட்டோ வர மறுக்கும் சாலை அது. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆன பிறகும் தாருக்காக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர் ஒருவரிடம் போய், இப்படியே இருப்பதுதான் அழகு என்று சொல்லிப் பார்க்கட்டும்.

பி.ஏ. ஆங்கிலம் படித்த எல்லோரும் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதையைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். தனியே திரியும் கவி, ஏரிக்கரை, மஞ்சள் பூக்கள். 1802 ஏப்ரல் 15 அன்று அந்த ஏரிக்கரையில் அவரோடு தங்கை டாரதி நடந்துகொண்டிருந்தாள். அந்தப் பூக்களைப் பற்றி முதலில் நாட்குறிப்பில் எழுதியவளும் அவள்தான். கவிதையில் அவள் இல்லை. கவிதையின் தரத்தை நான் மறுக்கவில்லை; அந்தத் தனிமை ஒரு கழித்தல் கணக்கின் விடை என்று மட்டும் சொல்கிறேன். நம் பக்கத்தில் தனிமைக்கு வேறு முன்னோர் உண்டு. சிதம்பரத்தில் வாழ்ந்த மௌனி (1907-1985). அவருடைய மனிதர்கள் தனியானவர்கள். ஆனால் இன்னொரு ஜீவனை நெருங்கப் போய், நெருங்க முடியாமல் போனதன் வாதை அந்தத் தனிமை. ஞாயிறு காலையில் மாட்டிக்கொண்டு சாயங்காலம் ஆணியில் தொங்கவிடும் சட்டை அல்ல. மௌனி பெயரைச் சொல்லிக்கொண்டே இந்தச் சட்டையை மாட்டிக்கொள்கிறவர்கள் அவரைப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

மறுபடி சாலைக்கு வருகிறேன். டீக்கடையில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டதும் பெஞ்சிலிருந்து கேள்வி வரும். "எந்த ஊரு தம்பி?" சொன்னால் அடுத்தது, "அங்க எந்தத் தெருவு?" அதற்கும் பதில் வந்தால், "யாரு ஊட்டுப் புள்ள?" பயணக் கட்டுரைக்காரர் இதைக் கிராமத்து மக்களின் கபடமற்ற அன்பு என்று எழுதுகிறார். அன்பும் அதில் உண்டு. டீக்குக் காசு வாங்க மறுத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இரண்டாவது கேள்வி விலாசம் கேட்பதில்லை, ஜாதி கேட்கிறது. பதிலைப் பொறுத்துப் பெஞ்சில் இடம் நகரும், அல்லது நகராது. இதே சாலைகள் போய்ச் சேரும் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், புதுக்கூரைப்பேட்டையில், ஜாதி மீறி மணந்துகொண்ட முருகேசனையும் கண்ணகியையும் 2003 ஜூலையில் விஷம் புகட்டிக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆயிற்று. எந்தத் தெரு என்ற கேள்வியின் மறுகோடி அது. தன்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை என்று ஒரு கட்டுரைக்காரர் சொன்னால், அவருக்கான பதில் அவருடைய உடையிலும் பேச்சிலும் சைக்கிளின் விலையிலும் முன்கூட்டியே எழுதியிருந்தது என்று அர்த்தம்.

பயணம் என்றால் என்ன என்று இந்தப் பிரதேசத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொள்ளிடக் கரை ஆதனூரிலிருந்து தில்லைக்குப் போக ஆசைப்பட்ட நந்தனுக்கு நிலைத்த பெயர் திருநாளைப்போவார். அவரைத் தடுக்கும் பண்ணையார் பெரிய புராணத்தில் கிடையாது. அந்த வேதியரை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கொண்டுவந்தார். சேக்கிழாரில் தடை இன்னும் பயங்கரமானது. ஆண்டையின் குரல் ஒன்றுமில்லாமலே நாளை நாளை என்று நாள் கடக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகும் உள்ளே நுழையாமல் ஊரெல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஆதனூரிலிருந்து தில்லை, சைக்கிள் மிதிக்கிறவனுக்கு அரைப் பகல் வேலை.

ஸ்ரீமுஷ்ணத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே இருக்கும் ராஜேந்திரப்பட்டினம்தான் பழைய திருஎருக்கத்தம்புலியூர், திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். பாணர் குலம். மனைவி மதங்கசூளாமணியோடும், பிறகு சம்பந்தரோடும் ஊர் ஊராகப் போனவர். திருவாரூரில் அவர் நுழைவதற்காக வடக்கே வேறொரு வாசல் வகுக்கப்பட்டது என்கிறது புராணம். கருணையின் உச்சத்திலும் தனி வாசல்தான். சாத்தமங்கையில் ராத்திரி இவர்களை எங்கே தங்க வைப்பது என்ற பிரச்னை எழுகிறது. சம்பந்தர் சொல்ல, நீலநக்கர் தம் வேள்வித் தீயின் பக்கத்தில் இடம் தருகிறார். எங்கே போகலாம், எந்த வாசலில் நுழையலாம், ராத்திரி எங்கே படுக்கலாம். நம் மரபில் பயணத்தின் ஆதாரக் கேள்விகள் இவை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரின் பிரக்ஞையில் இருந்த விஷயம், கியர் வைத்த சைக்கிளில் போகும் நம் சமகாலத்தவரின் பிரக்ஞையில் இல்லை.

சைக்கிளுக்கும் இந்தச் சரித்திரம் உண்டு. தமிழ்நாட்டின் பல கிராமங்களில், தலித்துகள் ஊர்த் தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கேலியும் ஆபாசப் பேச்சும் வந்தன. 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊருக்குள் வந்ததைப் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அந்த மாவட்டத்தில் சைக்கிள் கற்றவர்களில் கல் குவாரிகளில் வேலை செய்த பெண்களும் இருந்தார்கள். அவர்கள் கூட்டமாகப் போனார்கள். அதனால்தான் பிறகு ஒருத்தி தனியாகப் போக முடிந்தது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு 2001இல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பின்னால் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பள்ளி நாட்களில் இந்தச் சாலைகளில் எதிரே வருபவை அந்தச் சைக்கிள்கள்தாம். மற்றவர்கள் பைக்குக்கு மாறிவிட்டார்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, இருட்டுவதற்குள் வீடு சேர ஒரு பெண் ஒற்றையாய் மிதிக்கும் கடைசி மூன்று கிலோமீட்டர் இருக்கிறதே, தனி என்ற சொல்லுக்கு அருகதையுள்ள பயணம் அதுதான். அதை எழுதிய கவிதையை நம் பத்திரிகைகளில் நான் படித்ததில்லை.

இரண்டு ஆட்சேபங்கள் வரும். ஆறு நாள் கவுண்டரில் உட்கார்ந்தவன் ஏழாவது நாள் யார் முகமும் பாராமல் இருக்க ஆசைப்படக்கூடாதா என்பது ஒன்று. தாராளமாக ஆசைப்படலாம், நானே ஆசைப்படுகிறேன். மூச்சு வாங்க மிதித்தால் மனசு லேசாவதும் உண்மை. ஓய்வை ஓய்வு என்று சொன்னால் எனக்குச் சண்டை இல்லை. அதை ஞானம் என்று விலாசம் மாற்றி அனுப்பும்போதுதான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. இரண்டாவது ஆட்சேபம் இன்னொரு முகாமிலிருந்து, முதுகில் தட்டிக்கொடுக்கும் தோரணையில் வரும். அப்படியானால் சைக்கிள் பயணத்தில் ஒரு கூலித் தொழிலாளியையும் ஒரு சிவந்த சூரியனையும் சேர்த்துவிடலாமே என்று. அதுவும் அடித்தல்தான். முன்னவர் ஆளை எடுத்துவிடுகிறார். பின்னவர் ஆளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போஸ்டரை ஒட்டுகிறார். நான் கேட்பது அனுதாபம் அல்ல, துல்லியம். யார் இருந்தார், என்ன சொன்னார், அவர் கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய், எதைச் சொல்லாமல் மழுப்பினாய். இவற்றை எழுதுவதற்கு அபார மேதைமை தேவையில்லை, கூச்சத்தை விட்டால் போதும்.

முன்மாதிரி இல்லை என்றும் சொல்ல முடியாது. சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதி 1971இல் வந்த 'நடந்தாய் வாழி காவேரி' இருக்கிறது. அவர்கள் போனது காரில். ஆனால் தனியாகப் போனதாகப் பாவனை செய்யவில்லை. அதனால் அதில் பேச்சு இருக்கிறது, வழி கேட்பது இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலேயே பெரிய பயணி ஒருவர் உண்டு. பூவராகர் மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். வழியில் ஊர்கள் நிறுத்தி மண்டகப்படி செய்கின்றன. கிள்ளையில் தர்காவைச் சேர்ந்தவர்கள் மரியாதை செய்ய, கோயில் தரப்பு பதில் மரியாதை செய்கிறது. பக்தி பற்றி எனக்கு இங்கே வாதம் இல்லை. திருவிழா எல்லோரையும் அணைத்துக்கொள்கிறது என்றும் சொல்ல வரவில்லை. நம் திருவிழாக்களிலும் தெருக் கணக்கு உண்டு. ஆனால் பூமியையே தூக்கிய சுவாமிக்குக் கடல் வரை போகத் தோள் கொடுக்க ஆள் வேண்டியிருக்கிறது. அதை அங்கே யாரும் மறைப்பதில்லை.

ஒரு பயணக் கட்டுரையை எடைபோட எளிய வழி ஒன்று சொல்கிறேன். வேலிக்கருவை முள் ஏறாத டயர் இந்தச் சாலைகளில் கிடையாது. பஞ்சர் ஒட்டியவர் கட்டுரையில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆசிரியர் போகவே இல்லை, அல்லது அவரை அடித்துவிட்டார். இரண்டில் எதுவானாலும் பிரசுரிக்க வேண்டிய அவசியம் இல்லை.