வீட்டில் சேமிப்போம், கடையில் பதுக்கோம்!



2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2022இல் ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. ஏற்றத்தில் மிச்சம் பிடிக்காத போடிக் குடும்பம், இறக்கத்தில் வட்டிக்காரன் வாசலில்தானே நிற்கும்?

ஒரு மாத அரிசி, பருப்பை இருப்பு வையுங்கள். 2012 மின்வெட்டை மறவாமல் விளக்கைத் தயாராக வையுங்கள். இரு மாத மின்சாரம் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய சலுகைக் கட்டணம் பறிபோகும், கவனம்!

வணிகர்களே! யூசுஃப் நபி (அலை) செழிப்பான ஆண்டுகளில் தானியம் சேர்த்தது, பஞ்சத்தில் மக்களுக்குக் கொடுக்கவே. தட்டுப்பாட்டில் சரக்கை மறைப்பது மார்க்கம் தடுத்த பதுக்கல். போடிமெட்டு ஏறும் தோட்டத் தொழிலாளியின் அடுப்பு அணைய, நம் கிடங்கு நிறைவதா? அல்லாஹ்வை அஞ்சுவோம்!