களவுப் பிரதியும் சொந்தக் கப்பலும்

தொண்டி முதல் ராமேசுவரம் வரையில் நீண்டு கிடக்கும் நம் கடற்கரையில் இன்று கணினி புகாத தொழில் அரிது. அச்சுக்கூடம், போட்டோ கடை, பத்திரம் எழுதுவோர் அறை, பள்ளிக்கூடம், மீன் ஏற்றுமதிக் கிடங்கு ஆகிய எவ்விடத்தும் அது வந்து அமர்ந்துவிட்டது. அதனை நடத்துவது மென்பொருள். அம்மென்பொருளை விலைகொடுத்து வாங்கினோர் எத்தனை பேர், விலைகொடாமல் நகலெடுத்துக் கொண்டோர் எத்தனை பேர் என்று நாம் கணக்கெடுக்கப் புகவில்லை. யாவரும் அறிந்த ரகசியத்துக்குக் கணக்கு வேண்டுவதில்லை. நாம் கேட்பது வேறு. இவ்வழக்கம் நியாயமா? நியாயமன்று எனின், ஏழை ஜில்லா ஒன்றின் ஜனங்கள் அதனின்று மீள வழி யாது? இவ்விரண்டு கேள்விகளையும் தேசாபிமானமுள்ள நம் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

சட்டம் சொல்வதில் சந்தேகமில்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இல் செய்யப்பட்ட திருத்தம், கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு ஒன்றாகச் சேர்த்தது. 1994-இல் வந்த திருத்தம் மேலும் ஒரு படி சென்றது. களவுப் பிரதி என்று அறிந்தே அதனைக் கணினியில் உபயோகிப்பவனுக்கு ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரையில் சிறைவாசமும், 50,000 ரூபாய் முதல் 2 லட்ச ரூபாய் வரையில் அபராதமும் உண்டு. லாபங் கருதாத உபயோகமாயின் சிறையை விடுத்து அபராதம் மட்டும் விதிக்க நீதிபதிக்கு இடமுண்டு. கடலுக்கு அப்பால் இலங்கையிலும் 2003-ஆம் வருஷத்து அறிவுச் சொத்துச் சட்டம் நிரல்களுக்குக் காவல் தருகிறது. 2004-இல் தமிழ்நாட்டு சர்க்கார் வீடியோக் களவு செய்வோரைக் குண்டர் சட்டத்தின் கீழேயே கொண்டுவந்தனர். இவ்வளவு இருந்தும் களவு ஓயவில்லை. மனச்சாட்சி ஒப்பாத சட்டம் ஏட்டுச் சுரைக்காயே யாகும். ஆகையால் நாம் போலீஸாரை விட்டு மனச்சாட்சியோடு பேச விரும்புகிறோம்.

களவுப் பிரதிக்குச் சார்பாகப் பேசுவோர் இரண்டு நியாயங்களைச் சொல்கின்றனர். "நகலெடுப்பது நம் பழைய மரபு, அறிவுக்கு வேலி போடுவது மேல்நாட்டு வழக்கம்" என்பது ஒன்று. "நம்மைச் சுரண்டிக் கொழுத்த தேசத்தாரின் பண்டத்தை நாம் எடுத்துக்கொள்வதில் பாவமென்ன?" என்பது மற்றொன்று. இரண்டையும் ஆராய்வோம்.

நம் முன்னோர் ஏடு பெயர்த்தெழுதினர் என்பது மெய். ஓலை செல்லரிக்கும், நூறு இருநூறு வருஷங்களுக்கு ஒருமுறை புதிய ஓலையில் எழுதாவிடின் நூலே மாண்டு போகும். ஆகவே பிரதி செய்வது நூலுக்குச் செய்யும் தொண்டாக இருந்தது. ஆனால் நூலாசிரியன் பெயரை அழித்துத் தன் பெயரைப் பொறித்துக் கொள்வதைத் தமிழ் மரபு ஒருநாளும் மன்னித்ததில்லை. பிறன் பாட்டைத் தன் பாட்டென்று சொல்பவனுக்குக் கள்ளக்கவி என்று பெயரிட்டு இழிந்த கவிகளின் வரிசையில் அவனை வைத்தனர் நம் பாட்டியல் நூலார். நன்னூல் நூலை முதல், வழி, சார்பு என மூவகையாகப் பிரிக்கிறது. முன்னோன் நூலைத் தழுவிப் புதிதாகச் செய்வது குற்றமன்று. அதற்கு முறையான ஓர் இடமுண்டு. ஆனால் சிறப்புப் பாயிரத்தில் ஆக்கியோன் பெயரையும், நூல் வந்த வழியையும் சொல்லியாக வேண்டும் என்று அதே நன்னூல் விதிக்கிறது. எடுத்துக்கொள், எவரிடமிருந்து எடுத்தாய் என்பதைச் சொல். இதுவே நம் மரபின் சாரம். இதனைக் களவுக்குச் சாட்சியாக அழைப்பது, காவற்காரனைக் கள்ளனுக்கு ஜாமீனாக நிறுத்துவது போலாகும்.

இந்த ஜில்லாவே இதற்குச் சான்று. சேதுபதி வமிசத்தவரும், 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர், திருக்குறளைத் தம் மனம்போல் "திருத்தி" அச்சிட்ட ஸ்காட் என்னும் ஆங்கிலேயரிடம் எஞ்சியிருந்த பிரதிகளை யெல்லாம் விலைகொடுத்து வாங்கி அழித்தார் என்பது தமிழுலகில் வழங்கும் செய்தி. வள்ளுவர் பெயரால் வள்ளுவர் எழுதாதது உலவலாகாது என்பது அவர் கொண்ட வைராக்கியம். அந்த வைராக்கியமும் பறித்துக் கொள்ளவில்லை, விலைகொடுத்தே வாங்கிற்று என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இனி இரண்டாவது நியாயம். பதிப்புரிமையைப் பற்றி நமக்கு உபதேசம் செய்யும் தேசங்கள் தாம் வளர்ந்த காலத்தில் அவ்வுபதேசத்தைக் கைக்கொண்டனவா? இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பதிப்பாளர் ஆங்கில ஆசிரியர்களின் நூல்களை அனுமதியின்றி அச்சிட்டுக் குவித்தனர். 1842-இல் அங்குச் சென்ற சார்லஸ் டிக்கன்ஸ் இதனை எதிர்த்துப் பேசியபோது, அந்நாட்டுப் பத்திரிகைகள் சில அவரையே பணத்தாசை பிடித்தவர் என்று ஏசின. அந்நிய ஆசிரியர்களுக்கு அந்நாட்டில் சட்டக் காவல் கிடைத்தது 1891-இல்தான். 1886-இல் ஏற்பட்ட பெர்ன் உடன்படிக்கையில் அமெரிக்கா சேர்ந்ததோ 1989-இல். நூறு வருஷம் வாசலில் நின்றவர் இன்று நம்மை "உள்ளே வா" என்று அதட்டுவது வேடிக்கையே.

ஆயினும் அச்சரித்திரத்தில் நமக்கு ஒரு பாடம் மறைந்து கிடக்கிறது. அமெரிக்காவில் அந்நியர்க்குப் பதிப்புரிமை வேண்டுமென்று கிளர்ச்சி செய்தவர்களில் அமெரிக்க ஆசிரியர்களே முன்னின்றனர். காரணம் யாது? உரிமைப்பணம் கொடாத ஆங்கில நாவல் மலிவாகக் கிடைக்கும்போது, உரிமைப்பணம் கொடுக்க வேண்டிய உள்நாட்டு நூலை அச்சிட யார் முன்வருவர்? களவுப் பிரதி முதலில் கொல்வது அந்நியனையன்று, சுதேசித் தொழிலாளியைத்தான். அந்நியக் கம்பெனி நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும். எழுத்துரு வரைந்தும், சொற்பிழை திருத்தி அமைத்தும் பிழைக்க நினைக்கும் தமிழ் இளைஞன் தாங்கமாட்டான். விலையுயர்ந்த அந்நிய மென்பொருள் தெருமுனையில் காசின்றிக் கிடைக்குமாயின், அவனுடைய மலிவான சரக்குக்குச் சந்தையேது? இன்று அந்நியன் நிரலைத் திருடுகிற கை, நாளை அவன் எழுத்துருவைத் திருடக் கூசுமா?

இங்கே மற்றொரு சரித்திரத்தை நினைவூட்டுகிறோம். 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தூத்துக்குடியில் ஸ்தாபித்தார். அதன் தலைவராக நின்று பொருளுதவி புரிந்தவர் மேலே சொன்ன பாண்டித்துரைத் தேவரே. ஆங்கிலக் கம்பெனி கடற்பாதையை ஏகபோகமாக்கியபோது, அக்கம்பெனியின் கப்பலில் டிக்கெட் வாங்காமல் ஒளிந்து ஏறுங்கள் என்று அவர்கள் ஜனங்களுக்குப் போதிக்கவில்லை. சொந்தக் கப்பல் விட்டார்கள். அப்போது வெள்ளையர் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, முடிவில் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோர்க்குக் குடையும் கொடுப்பதாகவும் ஆசை காட்டிற்று. இலவசப் பிரயாணம் சுதேசிக் கப்பலை மூழ்கடிக்க வந்த ஆயுதம். களவுப் பிரதியின் இலவசமும் அதே வேலையைச் செய்கிறது. கம்பெனி தானே கொடுத்தாலென்ன, நாமே எடுத்துக்கொண்டாலென்ன? பழகிய கை பிறிதொன்றைத் தொடாது. பழகிய பள்ளிப்பிள்ளை நாளை உத்தியோகஸ்தனாகி அதனையே சர்க்கார் பணத்தில் வாங்குவான். களவு செய்கிறவன் அந்நியனை ஏமாற்றுவதாக எண்ணிக்கொண்டு அவனுக்கே ஊதியமில்லாத தரகனாகிறான்.

அன்று கப்பல் வாங்கப் பல லட்ச ரூபாய் வேண்டியிருந்தது. இன்று சொந்தக் கப்பல் துறைமுகத்திலேயே நிற்கிறது, ஏறுவார்தான் இல்லை. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். எவரும் உபயோகிக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்குக் கொடுக்கலாம். நம் தேசத்தில் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. அண்டை நாடாகிய கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல வருஷங்களாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினி கற்பித்து வருகின்றன.

இவ்வழியை உரத்துச் சொன்னவர் ராமேசுவரத்தில் 1931-இல் பிறந்து ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம் அவர்களே. அவர் ராஷ்டிரபதியாக இருக்கையில், 2002-இல் பில் கேட்ஸ் அவரைச் சந்தித்தார். மென்பொருளின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சில் இருவர் கருத்தும் மாறுபட்டன. மறு வருஷம் மே மாதம் புனாவில் ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் பேசுகையில் கலாம் அவர்கள் இதனை வெளிப்படையாகவே சொல்லி, மூலநிரல் திறந்த மென்பொருளே இந்தியாவுக்கு உகந்தது என்று வற்புறுத்தினார். அவர் படத்தை மாட்டாத பள்ளிக்கூடம் இக்கடற்கரையில் அரிது. அப்படத்தின் கீழ் வைத்த கணினியில் ஓடுவது களவுப் பிரதியாயின், படத்துக்குப் போட்ட மாலையால் பயனென்ன? அவர் ஒருபோதும் சொல்லாத வாசகங்களை அவர் பெயரிட்டுப் பரப்புவதும் இன்று பெருகிவிட்டது. பிறன் சொல்லைத் தன்னதாக்குவதும், தன் சொல்லைப் பிறன் தலையில் ஏற்றுவதும் ஒரே பொய்யின் இரு முகங்களாம்.

கட்டற்றது என்பதனால் தர்மமற்றது என்று எவரும் எண்ணலாகாது. அதன் உரிமப் பத்திரமும் பதிப்புரிமையின் மீதே நிற்கிறது. அந்நிபந்தனைகளை மீறிய கம்பெனி ஒன்றுக்கு 2004-இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் தடை விதித்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைக் கணினியேற்றி இலவசமாக வழங்குகிறது. ஒவ்வொரு நூலின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர்களைக் காணலாம். பாயிர மரபு அழியவில்லை என்பதற்கு இதனினும் சாட்சி வேண்டுமோ? நம் ஜில்லாவின் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. வேற்றூர் மிளகாய்க்கு அப்பெயர் சூட்டி விற்றால் நமக்குக் கோபம் வருகிறது. மிளகாயின் பெயருக்கு உள்ள மானம் மனிதன் பெயருக்கு இல்லையா? பிறர் கட்டுரையை எடுத்துத் தம் ஆராய்ச்சியென்று சமர்ப்பிப்போர் இதனைச் சிந்திக்கட்டும். 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டில் அறுபது சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்திருப்பின் மாணவரின் பதிவே ரத்தாகும்.

சர்க்காருக்கு நாம் கூறுவது இது. 1949-இல் சென்னை சர்க்கார் பாரதியாரின் நூலுரிமையை உரியவர்களிடமிருந்து முறைப்படி பெற்றுப் பொதுச்சொத்தாக்க முன்வந்தனர். பாட்டைத் திருடிப் பொதுவாக்கவில்லை. உரிமையைப் பெற்றுப் பொதுவாக்கினர். அவ்வாறே சிறந்த தமிழ் எழுத்துருக்களையும், அகராதிகளையும், பிழைதிருத்திகளையும் அவற்றை ஆக்கினவர்களுக்குத் தக்க விலை கொடுத்து வாங்கி எல்லோர்க்கும் திறந்துவிட வேண்டும். சர்க்கார் அலுவலகங்களும் பள்ளிகளும் கட்டற்ற மென்பொருளையே முதலில் நாட வேண்டும். ஜில்லாவின் அச்சுக்கூடத்தார் ஒரு சங்கமாகக் கூடித் தமக்கு வேண்டுவனவற்றைப் பொதுச்செலவில் செய்வித்துக்கொள்ளலாம்.

தேசத்தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. சுதேசியம் என்பது அந்நியன் பண்டத்தைக் காசில்லாமல் பெறுவதன்று. நம் கையால் ஆக்குவதும், பிறன் கை ஆக்கியதற்கு மதிப்பளிப்பதுமாகும். உங்கள் சங்கக் கட்டிடத்துக் கணினியிலிருந்தே இவ்வேலையைத் தொடங்குங்கள். களவுப் பிரதியை அழித்துவிட்டு, கட்டற்றதை ஏற்றி, அண்டை வீட்டுப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுங்கள். சொந்தக் கப்பலில் இடம் நிறைய இருக்கிறது.