சரக்கு வண்டியின் தளத்துக்கு ஒரு கவசம்

தமிழகத்தை விட்டு மும்பை மாநகருக்கு வந்து குடியேறிய நம்மவருள், சிறு சரக்கு வண்டி ஒன்றை நம்பிக் குடும்பம் நடத்துவோர் பலர். வாஷிச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றுவோரும், சசூன் துறையிலிருந்து மீன் ஏற்றுவோரும், தாதரில் பூ வாங்கி மாதுங்காவுக்குக் கொண்டுவருவோரும், தாராவிப் பட்டறைகளின் தோற்பொருளையும் மண்பாண்டத்தையும் கடைகளுக்குச் சுமப்போரும் அவருள் அடங்குவர். இங்குள்ளோர் ‘சோட்டா ஹாத்தி’ என்றும் நம்மூரார் ‘குட்டி யானை’ என்றும் அழைக்கும் டாடா ஏஸ் வண்டி 2005-ஆம் ஆண்டில் வெளிவந்தபின் இத்தொழில் பெரிதும் வளர்ந்தது. வண்டி பெரும்பாலும் தவணைக் கடனில் வாங்கப்படுவது. கடைசித் தவணை கட்டி முடியும் முன்னரே தளத்தில் ஓட்டை விழுந்துவிட்டால், விற்கப் போனாலும் விலை இல்லை. வைத்து ஓட்டினாலும் பட்டறைச் செலவு ஓய்வதில்லை. தளத்துக்குத் தெளிப்புப் பூச்சு அடிக்கலாமா, அடித்தால் எதைத் தேர்வது என்று அன்பர் சிலர் நம்மை வினவியுள்ளனர். இம்மாதம் அதனையே எடுத்துக்கொண்டோம்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பும் சேர்ந்துவிட்டால் வேகம் பன்மடங்காகும். மும்பையிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. எஞ்சிய மாதங்களில் கடற்காற்று விடுவதில்லை. மீன் பெட்டியிலிருந்து வடியும் பனிக்கட்டி நீர் உப்புநீரே ஆகும். ஆலையில் அடித்த சாயம் மெல்லிய தோல் போன்றது. பெட்டியின் மூலை ஒருமுறை உராய்ந்தால் இரும்பு வெளிப்பட்டுவிடும்.

இதற்கு மாற்றாகப் பலர் கையாளும் வழிகள் சில உண்டு. ரப்பர் விரிப்பு எளியது. 8 மில்லிமீட்டர் கனமுள்ளதாயின் தளம் முழுவதற்கும் சுமார் 30 கிலோ எடை வரும். வாரந்தோறும் அதனைத் தூக்கி, அடியைக் கழுவி உலர்த்துவோர்க்கு அது நல்ல காவல். தூக்காதவர்க்கு அதுவே பகை. வார்த்தெடுத்த பிளாஸ்டிக் தொட்டியை உள்ளே பொருத்துவது மற்றொரு வழி. பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் வண்டி அதிரும்போதெல்லாம் அது தளத்தோடு உரசிச் சாயத்தைத் தேய்க்கும். தேய்ந்த இடத்தில் நீர் தங்கும். மேலிருந்து பார்ப்போர்க்கு ஒன்றும் தெரியாது. மீன் ஏற்றும் அன்பர் ஒருவர் அத்தகைய தொட்டியைக் கழற்றியபோது நாமும் உடனிருந்தோம். அடியில் இருந்தது தளமன்று, சல்லடை. அலுமினியத் தகடு அடிப்பதும் உண்டு. அலுமினியமும் இரும்பும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஆணியைச் சுற்றி அலுமினியம் அரிக்கப்படும்; தகட்டுக்கு அடியில் தேங்கும் நீர் இரும்பையும் விடாது.

தெளிப்புப் பூச்சின் சிறப்பு, அது இரும்போடு ஒட்டிக்கொண்டு, நீர் புக இடைவெளி தராமல் நிற்பதே ஆகும். இவற்றுள் முதன்மையானது பாலியூரியா. 1980-களில் அமெரிக்காவில் டெக்சகோ நிறுவனத்து வேதியியலார் இதனைத் தெளிக்கத்தக்க பொருளாக உருவாக்கினர். ஐசோசயனேட் ஒரு பீப்பாயிலும், அமீன் பிசின் மற்றொன்றிலும் இருக்கும். இரண்டையும் 65 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, மிகுந்த அழுத்தத்தில் தனித்தனிக் குழாய்களில் செலுத்துவர். துப்பாக்கியின் முனையில்தான் அவை கலக்கும். கலந்த சில நொடிகளிலேயே இறுகிவிடும். இதன் இளையவன் போன்றது பாலியூரித்தேன். இறுகச் சற்று நேரம் பிடிக்கும், விலையும் பொதுவாகக் குறைவு. குளிர்ந்த நிலையிலேயே உருளையால் பூசும் டப்பாப் பூச்சுகளும் கிடைக்கின்றன. பூவும் துணியும் ஏற்றுவோர்க்கு அவையே போதும். கல்லும் கம்பியும் ஏற்றுவோர்க்குப் போதா.

இவ்விவரத்தை விரித்துரைத்தது வேதியியல் கற்பிக்க அன்று. பட்டறைக்குள் நுழைந்ததும் இரண்டு பீப்பாய்களும், சூடேற்றும் இயந்திரமும், நீண்ட இரட்டைக் குழாயும் கண்ணில் படுகின்றனவா என்று பாருங்கள். ஒரே டப்பாவிலிருந்து எடுத்துச் சாதாரணச் சாயத் துப்பாக்கியில் ஊற்றி அடிப்பவர், வாயால் என்ன பெயர் சொன்னாலும், அடிப்பது சூடான பாலியூரியா அன்று. சாலையோரத்தில் சிலர் வண்டியின் அடிப்பாகத்துக்கு அடிக்கும் தார்ப் பூச்சையே தளத்துக்கும் அடித்து, ‘வெளிநாட்டுச் சரக்கு’ என்று கூசாமல் சொல்கின்றனர். வைகாசி வெயிலில் அது இளகி அரிசி மூட்டையில் ஒட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். தார் மணமும், நகத்தால் அழுத்தினால் பதியும் மென்மையும் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, கனம். சரக்கு வண்டித் தளத்துக்கு 3 மில்லிமீட்டர் கனம் வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. சிறு வண்டியின் தளம் ஏறத்தாழ 7 அடி நீளமும் 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. சுற்றுப் பலகைகள் ஓரடி உயரம். எல்லாவற்றையும் கூட்டினால் உட்பரப்பு ஐந்தரைச் சதுர மீட்டர் அளவுக்கு வரும். அதன்மேல் 3 மில்லிமீட்டர் படிய ஏறக்குறைய 16 லிட்டர் பொருள் செலவாக வேண்டும். நான்கு லிட்டரில் வேலையை முடித்தேன் என்று ஒருவர் சொன்னால், உங்கள் தளத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை என்பது பொருள். ஆகவே விலை பேசும்போது சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேளாமல், எத்தனை லிட்டர் என்றும் கேளுங்கள். இரும்பின்மேல் வைத்தால் பூச்சின் கனத்தைக் காட்டும் சிறு கருவி உண்டு. நல்ல பட்டறைக்காரர் கேளாமலே அதனை எடுத்து நான்கு மூலையிலும் வைத்துக் காட்டுவார்.

இவ்வளவும் சொன்ன பின்னும் ஒன்று கூறவேண்டும்: பூச்சின் பெயரைவிட அதற்கு முன் நடக்கும் துப்புரவே பெரிது. பூச்சு உரிந்து போனதாகக் கேள்விப்படும் இடங்களில் பெரும்பாலும் குற்றம் சரக்கில் இல்லை. கழுவிய கையில் இருக்கிறது. எண்ணெய்ப் பசை முழுதும் நீங்க வேண்டும். பழைய சாயத்தின் பளபளப்பு போகும்வரை உப்புத்தாளாலோ சாணை இயந்திரத்தாலோ சொரசொரப்பாக்க வேண்டும். துரு இருக்குமாயின் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி எடுத்து, முதற்பூச்சு அடித்து, அதன் பின்னரே தெளிக்க வேண்டும். துருவின்மேல் அடித்த கவசம் புண்ணை மூடிக் கட்டிய துணி போன்றது. உள்ளே அழுகல் தொடரும். புதிய வண்டி வாங்குவோர் முதல் சுமை ஏற்றும் முன்னரே அடித்துவிடுவது எல்லா வகையிலும் நன்று. சுரண்டும் கூலி மிச்சம். ஒரு நாளில் முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் பட்டறையில், அந்நாளில் எத்தனை மணி நேரம் துப்புரவுக்கு என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி என்றால் வணக்கம் சொல்லி வந்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் திறந்த கொட்டகையில் இவ்வேலை வேண்டா. ஐசோசயனேட் ஈரத்தைக் கண்டால் அதனோடு கூடிக் கரியமில வாயுவை வெளிவிடும். பூச்சுக்குள் குமிழிகளும் ஊசித் துளைகளும் தோன்றும். பாலியூரித்தேன் இதில் மிகவும் கெடும். விரைந்து இறுகும் பாலியூரியா ஓரளவு தப்பும். ஆனால் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படர்ந்திருந்தால் எதுவும் ஒட்டாது. பனி படியும் வெப்பநிலையைவிட இரும்பின் சூடு குறைந்தது 3 டிகிரியாவது மிகுந்திருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் விதி. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மும்பைக்கு உகந்த காலம்.

தெளிக்கும் இளைஞர்களின் மூச்சைப் பற்றியும் சொல்லாமல் விட இயலாது. அவருள் நம் பிள்ளைகளும் உளர். 1984-இல் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நச்சு வாயுவும் ஓர் ஐசோசயனேட்டே. பூச்சில் உள்ள வகை வேறு, எளிதில் ஆவியாகாது. ஆயினும் துப்பாக்கியிலிருந்து நுண்துளிகளாகப் பறக்கும்போது நுரையீரலுக்குள் செல்லும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலும் இழுப்பு நோய் வரும். முகத்தில் கைக்குட்டை கட்டுவது காவலன்று. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாயில் தரும் முகமூடி வேண்டும். அது இல்லாத பட்டறைக்கு, விலை பாதியானாலும் வண்டியை விடவேண்டா என்பது நம் கருத்து. அங்கு வேலை செய்யும் பிள்ளையின் பெற்றோர், மாலையில் நெஞ்சு இறுகுகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வண்டியின் சொந்தக்காரரும் தெளிக்கும் நேரத்தில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அருகில் நிற்கலாகாது.

எல்லார்க்கும் இப்பூச்சு தேவை என்று சொல்லமாட்டோம். அதன் மேற்பரப்பு சொரசொரப்பானது; பெட்டி நழுவாமல் நிற்கும். மூட்டையை இழுத்து இறக்குவோர்க்கோ அது இடையூறு. சாக்கும் கிழியும், இடுப்பும் நோகும். அவர் சொரசொரப்புக் குறைந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது விரிப்போடு நிற்கலாம். கறுப்புப் பூச்சு வெயிலில் மிகவும் சுடும். பூவும் கீரையும் ஏற்றுவோர் வெளிர்நிறம் கேட்க வேண்டும். கறுப்பு நாளடைவில் வெளுத்துச் சாம்பல் நிறமாகும்; அது நிறக்கேடேயன்றி உடனே வலுக்கேடன்று. தளத்தின்மேல் உணவுப் பொருளை நேராகக் கொட்டுவது எந்தப் பூச்சிலும் ஆகாது.

வண்டியை ஒப்படைக்கும் முன் நின்று பார்க்க வேண்டியவை: நீர் வடியும் துளைகள், பலகைகளின் கீல்கள், கொண்டிகள், கயிறு கட்டும் கொக்கிகள், தளத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் மரைகள். இவற்றை ஒட்டுத்தாளால் மூடாமல் தெளித்துவிட்டால், வடிதுளை அடைபட்டுத் தளமே குளமாகும். மரையைக் கழற்ற உளி வேண்டும். திரும்பப் பெற்ற பின் ஒரு நாளாவது பாரம் ஏற்றாதீர்கள். ஆழமாகக் கீறல் விழுந்தால், அவ்விடத்தை மட்டும் சொரசொரப்பாக்கி ஒட்டுப் போடலாம். ஆனால் அது அவ்வாரமே நடக்க வேண்டும்.