பாஸிட்டப் போக முதல்

கியர் கார் ஓடுறது 'பழைய ஆக்களின்ர வேலை' என்று எங்கட வயதுக்காரரிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. ஆனால் ஒரு பின்னேரம் உட்துறைமுக வீதியில் நின்று பாருங்கள். மாருதியும் அல்ற்றோவும் பழைய சன்னியும் கொறோலாவும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வேறு வழியும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வருகிற விலை எங்கட வீடுகளுக்கு எட்டாது. ஆகவே வாசலில் நிற்கிற கியர் கார்தான் இன்னும் பல வருடத்துக்கு வீட்டின் கார்.

எங்கள் கருத்து இதுதான்: அந்தக் காரைப் பார்த்துக்கொள்கிற அறிவு அப்பாவிடமோ அண்ணாவிடமோ மட்டும் இருக்கக்கூடாது. 'இது எங்கட பாடம் இல்லை' என்று ஒதுங்குகிற கலைப்பீடக்காரருக்கும் அது வேண்டும். 'உனக்கேன் இந்த வேலை' என்று பொனற்றுக்குக் கிட்டவே விடாமல் வளர்க்கப்பட்ட பெண்பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக வேண்டும். இரவு ஹபரணை வீதியில் கார் நின்றுவிட்டால், உள்ளே இருக்கிறவர் ஆணா பெண்ணா என்று பார்த்து அது நிற்கப்போவதில்லை.

முதலில் கிளச். அது தேய்கிற சாமான்தான். எவ்வளவு கெதியாய்த் தேயும் என்பது ஓடுகிறவரின் இடது காலில் இருக்கிறது. கியர் மாற்றி முடிந்தால் காலை பெடலில் இருந்து முழுதாக எடுத்துவிட வேண்டும். உவர்மலை ஏற்றத்திலோ கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதையிலோ நெரிசலில் நிற்கும்போது, ஹாஃப் கிளச்சில் காரைப் பிடித்து வைத்திருக்காதீர்கள். ஹான்ட் பிரேக் அதற்குத்தான் இருக்கிறது. அக்சிலரேற்றரை மிதிக்க எஞ்சின் கத்துகிறது, வேகம் மட்டும் கூடவில்லை என்றால் கிளச் வழுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம் என்று சொல்லுவார்கள். கார்புரேற்றர் காலத்துக் கதை அது. இன்ஜெக்ஷன் எஞ்சின்களில், கியரில் வைத்து அக்சிலரேற்றரை விட்டால் பெற்றோல் வரத்து தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கப் பெற்றோல் செலவாகும். எந்தக் காராக இருந்தாலும், அப்போது முழுப் பாரத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும்.

அடுத்தது எங்கட ஊருக்கே உரிய பிரச்சினை: உப்பு. மூன்று பக்கமும் கடல் இருக்கிற நகரத்தில் துரு மேலே தெரிய முதல் அடியில் தொடங்கிவிடும். மேலே பளபளப்பாக்குகிற நேரத்தில் பாதியை எடுத்து, நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் சில்லு வளைவுகளையும் கழுவினால் போதும். கதவுகளின் அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். கடற்கரைப் பக்கத்துக் கிணற்று உவர்த்தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். உள்ளே படிந்து அரிக்கும். கச்சான் வீசுகிற மாதங்களில் எஞ்சின் கொதித்தால்தான் அதன் விலை தெரியும். கூலன்ட் மட்டத்தைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.

2022 எல்லாருக்கும் நினைவிருக்கும். சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்க, நாங்கள் கியூஆர் கோட்டோடு பெற்றோல் வரிசையில் நின்றோம். ஓடாமல் நின்ற கார்களில் பற்றரி இறங்கியது. அப்போது கியர் கார் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. சாவியைத் திருப்பி, கிளச்சை மிதித்து, இரண்டாம் கியரில் போட்டு, நாலு பேர் தள்ள, கொஞ்சம் வேகம் வந்ததும் கிளச்சை விட்டால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். பற்றரி முனையில் வெள்ளை, பச்சைத் தூள் பூத்திருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது நெகற்றிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும்.

'இதுக்கெல்லாம் பாஸ் இருக்கிறார்தானே' என்று கேட்பீர்கள். இருக்கிறார். அவருடைய கைப்பழக்கம் எங்களுக்கு ஒரு கட்டுரையால் வந்துவிடாது. ஆனால் 'ஏதோ சத்தம் வருது' என்று மட்டும் சொல்லிக் காரை விட்டுவிட்டு வந்தால், அவர் தேடுகிற நேரத்துக்கும் நாங்கள்தான் காசு கட்ட வேண்டும். எப்போது சத்தம் வருகிறது? கிளச்சை மிதிக்கும்போது வந்தால் ரிலீஸ் பெயரிங்கில் சந்தேகம் வைக்கலாம். நியூட்ரலில் நிற்கும்போது வந்து, மிதித்தவுடன் நின்றுபோனால், கியர் பொக்ஸின் உள்ளே இருக்கும் பெயரிங்காக இருக்கலாம். இரண்டுக்கும் செலவு ஒன்றல்ல. கவனித்துச் சரியாகச் சொல்வது கலைப்பீடக்காரருக்குப் புதிய வேலையா என்ன?

ஒரு கொப்பி வாங்கிக் காருக்குள் வையுங்கள். ஒயில் எப்போது மாற்றியது, எத்தனை கிலோமீற்றரில், பிரேக் ஒயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதா, டைமிங் பெல்ற் எப்போது போட்டது என்று எழுதுங்கள். வீட்டில் யார் ஓடினாலும் அவரே எழுதட்டும். அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது கொப்பியோடு தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்வி கேட்பது அவவாக இருக்கட்டும்.